பாமணியாறு கடலைச் சேரும் இடம் வரை: முத்துப்பேட்டை லகூனில் இருவர் படகுப் பயணம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நாங்கள் மன்னார்குடிக்காரர்கள். பாமணியாற்றங்கரையில் வீடு. அந்த ஆறு போய் முடியும் இடத்துக்கு, அதாவது முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கும் (உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வளரும் காடு) லகூனுக்கும், நானும் என் வீட்டுக்காரரும் தை மாசியில் படகில் போய் வருவது வழக்கமாகிவிட்டது. இதைக் கேள்விப்பட்டு சொந்தக்காரர்களும் தோழிகளும் புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளும் நிறையக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, வழக்கமாக வரும் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது எந்த நீர்வழி? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கல்லணையில் காவிரியிலிருந்து பிரிகிற வெண்ணாறு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. பாமணியாறு மன்னார்குடியைத் தொட்டுக்கொண்டு தெற்கே போகிறது. கோரையாறும் தனியாகத் தெற்கே இறங்குகிறது. இவற்றோடு கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு போன்றவையும் முத்துப்பேட்டைக்குத் தெற்கே ஒரு பெரிய, ஆழமில்லாத உப்பங்கழியில் சேர்கின்றன. அதைத்தான் ஊரில் எல்லோரும் லகூன் என்கிறார்கள். அதற்கு அப்பால் முகத்துவாரம், அதையும் தாண்டினால் பாக் நீரிணை. லகூனும் சுற்றியுள்ள காடும் சதுப்பும் சேர்த்து ஏறக்குறைய 120 சதுர கிலோமீட்டர்.

படகு ஏறும் இடம் ஜாம்பவானோடை. அங்கிருந்து கோரையாற்றில் இறங்கினால் முதலில் இரண்டு பக்கமும் கரை தெரியும் ஆறுதான். போகப் போகத் தென்னையும் கருவேலமும் குறைந்து அலையாத்தி தொடங்கும். அப்புறம் திடீரென்று இரண்டு கரையும் விலகி வெட்டவெளியான தண்ணீர். அந்த இடத்தில்தான் பலர் முதல்முறையாகப் பேச்சை நிறுத்துகிறார்கள்.

நாகப்பட்டினத்தில் படகு ஏறி, கரையோரமாகவே முத்துப்பேட்டை வரை வர முடியுமா? வரைபடத்தில் ஒரு கால்வாய் தெரிகிறதே?

அது வேதாரண்யம் கால்வாய். ஆசை எனக்குப் புரிகிறது, எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் இன்றைக்கு அது ஒரே படகில் முடிகிற பயணம் இல்லை.

1860-களில் வெட்டிய கால்வாய் அது. கடற்கரை மணல்மேட்டுக்கு மேற்கே, கடலுக்கு இணையாக, நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகிறது. வேதாரண்யத்தில் விளைந்த உப்பைத் தோணியில் ஏற்றி நாகைக்குக் கொண்டுபோகத்தான் முக்கியமாக அதைப் பயன்படுத்தினார்கள். இப்போது அதன் வேலை வேறு. வெள்ளையாறு, அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வளவனாறு என்று மேற்கிலிருந்து வரும் கடைமடை ஆறுகளின் வெள்ளம் இதை வந்து தொட்டுத்தான் கடலுக்குப் போகிறது. அதனால் வழியில் கதவணைகள் உண்டு, தாழ்வான பாலங்கள் உண்டு, ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் இடங்கள் உண்டு, மண் தூர்ந்துபோன இடங்களும் உண்டு. படகைத் தூக்கிக் கரையேற்றி மறுபுறம் இறக்க ஆளில்லாமல் நடக்காது.

சரி, அதைச் சமாளித்து வேதாரண்யம் வந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு கால்வாய் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டைக்கு இடையே உப்பளங்களும் பெரிய சதுப்பும்தான். கடல் வழியாகச் சுற்றினால் கோடியக்கரை முனை. வடக்கு தெற்காக வந்த கடற்கரை அங்கே மேற்கே திரும்புகிறது. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கிற இடம். காற்றும் நீரோட்டமும் மாறி மாறி வரும். மீன்பிடித் தொழிலில் பிறந்து வளர்ந்தவர்கள் கணக்குப் பார்த்துப் போகிற கடல் அது. உல்லாசமாகப் போகிற இரண்டு பேருக்கான இடமே இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: துண்டு துண்டாகப் பாருங்கள். நாகை வேதாரண்யம் சாலையில் வரும்போது பாலங்களில் வண்டியை நிறுத்திக் கால்வாயைப் பாருங்கள். படகுப் பயணத்தை முத்துப்பேட்டையில் வையுங்கள். காவிரியின் தென்கோடியைத் தண்ணீர்மேல் இருந்து பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து டெல்டாவில் இல்லை.

எந்த மாதம் போகலாம்?

தை பிறந்ததிலிருந்து பங்குனி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆற்றில் வந்த கலங்கல் தெளிந்திருக்கும். வெயில் இன்னும் ஏறியிருக்காது. வெளியிலிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பிப் போயிருக்காது.

ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். அது புயல் மாதம், மின்னல் மாதம். லகூன் நடுவில் உங்களைவிட உயரமாக ஒன்றும் இருக்காது என்பதை மறக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் போகலாம், ஆனால் காலை ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். ஆனி, ஆடியில் மேலைக்காற்று மண்ணை வாரிக்கொண்டு அடிக்கும். படகு போனாலும் உட்கார்ந்து ரசிக்க முடியாது.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அந்தத் தண்ணீரும் மழையும் சேர்ந்து வரும்போது லகூன் நன்னீர் பக்கம் சாய்கிறது. அணை மூடிய பிறகு மெல்ல மெல்ல உப்பு ஏறிக் கோடையில் சில இடங்களில் கடலைவிடக் கரிக்கும். மேட்டூரில் எடுக்கிற முடிவு இங்கே இறாலுக்கும் நண்டுக்கும் கூடத் தெரிந்துவிடுகிறது. நாம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று பேசுகிறோம். கடலுக்குப் போகிற தண்ணீரை வீண் என்கிறோம். இந்தக் காட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்தத் தண்ணீர் வந்தால்தான் இந்தக் காடு.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? ஏத்தம், வத்தம் என்கிறார்களே, அது என்ன?

கடல் தண்ணீர் உள்ளே ஏறுவது ஏத்தம், இறங்குவது வத்தம். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகமாக ஏறி அதிகமாக இறங்கும். அட்டமியை ஒட்டிக் குறைவு.

நம் பக்கக் கடலில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். மும்பை, குஜராத் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் லகூனில் பல இடத்தில் ஆழமே இடுப்பளவுதான். அங்கே ஒரு முழம் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் படகு போகுமா போகாதா என்பதை முடிவு செய்கிறது. வத்தத்தில் மாட்டினால் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றித் தள்ள வேண்டும். அதிலும் நகராவிட்டால் அடுத்த ஏத்தம் வரை காத்திருக்க வேண்டும்.

அதனால் நேரத்தை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். முதல் நாளே படகோட்டியிடம் கேளுங்கள். எங்களுக்கு வழக்கமாக வருகிற அண்ணனிடம் நான் இப்படித்தான் கேட்பேன்:

“அண்ணே, நாளைக்கு ஏத்தம் எப்ப?”

“விடியக்காலம் ஏறுதும்மா. ஆறு மணிக்கு வந்துருங்க. பத்து மணிக்கு மேல காத்து எந்திரிச்சிரும்.”

அவ்வளவுதான். காற்றைப் பற்றி அவர் சொல்வதும் முக்கியம். வெயில் ஏற ஏறக் கடல்காற்று கிளம்பும். காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த லகூன் மத்தியானத்தில் சின்னச் சின்ன அலையாக எழும்பித் தண்ணீரை மேலே வாரி இறைக்கும். விடியற்காலையில் போய், வெயில் உறைக்கும் முன் திரும்புவதுதான் சரி.

அனுமதி வாங்க வேண்டுமா? படகு எங்கே கிடைக்கும்?

இது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. முத்துப்பேட்டையில் உள்ள வனத்துறை அலுவலகத்திலோ ஜாம்பவானோடை படகுத்துறையிலோ கேட்டால் அன்றைய நிலை சொல்வார்கள். கூட்டம் அதிகமான விடுமுறை நாள், புயல் எச்சரிக்கை, காட்டுக்குள் வேலை நடக்கிற சமயம் என்று சில நாட்களில் விடமாட்டார்கள். முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டணம் படகுக்கு, தலைக்கு இல்லை. இரண்டு பேர் போனாலும் முழுப் படகுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். தொகை அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை. பேரம் பேசிக் குறைக்கப் பார்க்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டீசல் விலையும் அவருடைய ஒரு காலைத் தொழிலும் அதில் அடங்கியிருக்கிறது.

நாங்களே துடுப்புப் போட்டுப் போகலாமா? படகோட்டி இல்லாமல்?

வேண்டாம். லகூனில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பச்சைக் கோடுதான் தெரியும். கால்வாய் வாய்கள் ஒன்றுபோல இருக்கும். உள்ளே போய்த் திரும்பினால் வந்த வழி தெரியாது. அடியில் மீனவர்கள் ஊன்றியிருக்கும் கழிகளும் வலைகளும் இருக்கும். தெரியாமல் அறுத்துவிட்டால் அது ஒரு குடும்பத்தின் ஒரு வார வருமானம்.

துடுப்புப் போட ஆசையாக இருந்தால் படகோட்டியிடம் சொல்லுங்கள். ஆற்றுப் பகுதியில் கொஞ்ச தூரம் கழியைக் கையில் கொடுப்பார். என் வீட்டுக்காரர் கழி ஊன்றக் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஊன்றுவது பெரிதில்லை, சேற்றிலிருந்து அதைத் திருகி உருவுவதுதான் வித்தை.

உள்ளே என்னதான் பார்க்க இருக்கிறது? வெறும் மரம்தானே என்கிறார்களே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். அவசரமாகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு உண்மையிலேயே வெறும் மரம்தான் தெரியும்.

முதலில் மரம். இங்கே பத்துக்கு ஒன்பது மரத்துக்கு மேல் அலையாத்தி, அதாவது வெண்கண்டல்தான். அதன் இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்புறம் சாம்பல் வெள்ளை. வெயில் நாளில் இலைமேல் விரலை வைத்துத் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. மரத்தடியில் சேற்றிலிருந்து சாண் உயரத்துக்கு ஆயிரக்கணக்கில் குச்சி குச்சியாக மேல்நோக்கி நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்றே கிடையாது என்பதால் வேர் வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்குகிறது. வத்தத்தில்தான் இவை நன்றாகத் தெரியும். அவற்றை மிதிக்கக் கூடாது.

நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தில்லை மரம் இருக்கும். கோடையில் இலை சிவந்து அழகாக இருக்கும், ஆனால் தொடாதீர்கள். கிளையை ஒடித்தால் வருகிற பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. படகோட்டிகள் எல்லோருக்கும் இந்த மரம் அடையாளம் தெரியும், காட்டச் சொல்லிக் கேளுங்கள். நரிக்கண்டல், கழுதைமுள்ளி, கரையோரத்தில் உமரி என்று மற்றவையும் உண்டு.

அப்புறம் சேறு. தண்ணீர் இறங்கிய ஓரத்தில் படகை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சேறு முழுக்க நகர்வது தெரியும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் வளைக்கு வெளியே வந்து அந்தக் கொடுக்கை ஆட்டும். துடுப்பு மாதிரி செட்டையை ஊன்றிச் சேற்றின்மேல் துள்ளிப் போகும் மீன்கள் இருக்கின்றன. தண்ணீருக்கு வெளியே இருப்பதுதான் அவற்றுக்குப் பிடித்த நேரம். உள்ளங்கை அகலச் சேற்றில் இவ்வளவு உயிர் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பறவைகளில் செம்பருந்து எப்போதும் இருக்கும். கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் அப்படித்தான். பனிக்காலத்தில் உள்ளான் வகைகள் கூட்டம் கூட்டமாக வரும். பூநாரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அது கோடியக்கரைப் பக்கச் சதுப்பில்தான் அதிகம் இறங்கும். முத்துப்பேட்டையில் தென்பட்டால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

வனத்துறை போட்ட மரநடைபாதை ஒன்று காட்டுக்குள் போகிறது. அதில் இறங்கி நடக்கலாம். மெதுவாகப் போங்கள்.

காட்டுக்குள் கால்வாய்கள் நேராக வெட்டியது மாதிரி இருக்கின்றனவே?

வெட்டியவைதான். இரண்டு வகை உண்டு. ஒன்று, மீனவர்கள் தலைமுறையாகப் பயன்படுத்தும் வாய்க்கால்கள். ஏத்தத்தில் மீனும் இறாலும் உள்ளே வரும், திரும்பும்போது பிடிப்பார்கள். முத்துப்பேட்டைக்கே உரிய தொழில் அது.

இன்னொன்று காட்டை மீட்க வெட்டியது. அந்தக் காலத்தில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முழுக்க வெட்டி எடுத்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராகச் சேற்றில் பட்டு, சேறு வறண்டு, தரை பள்ளமாக இறங்கிவிட்டது. ஏத்தத்தில் வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தப் பள்ளத்தில் தேங்கிக் காய்ந்து உப்பு ஏறியது. அப்புறம் எந்த விதையும் முளைக்கவில்லை. வெட்டுவதை நிறுத்திய பிறகும் காடு தானாகத் திரும்பவில்லை என்பதுதான் இதில் கவலையான விஷயம்.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து அதற்கு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். அதன் வழியாகக் கடல்நீர் தினமும் உள்ளே வந்து வெளியே போனதும் உப்பு கழுவப்பட்டுச் செடி பிடித்தது. படகில் போகும்போது இந்த வாய்க்கால்களைப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் சேற்றில் இறங்கி மண்வெட்டியால் வெட்டியவை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கஜா புயலில் காடே அழிந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். இப்போது போனால் பார்க்க ஒன்றுமில்லையா?

2018 நவம்பர் 16 விடியற்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது கஜா. எங்கள் ஊரில் தென்னை, மா, பலா என்று நிற்கிற மரமே இல்லாமல் போனது. அலையாத்தியிலும் பெரிய மரங்கள் சாய்ந்தன, நின்றவை இலை உதிர்ந்து கருகிப்போயின. பட்டுப்போன வெள்ளை மரங்கள் நிற்கும் இடங்களில் அதன் அடையாளம் தெரியும்.

ஆனால் அழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அலையாத்தி விதை மரத்திலேயே முளைவிட்டு, மழைக்காலத்தில் விழுந்து, மிதந்து போய்ச் சேறு கிடைத்த இடத்தில் ஊன்றிக்கொள்ளும். தண்ணீர் வந்து போகிற இடத்தில் இளங்கன்றுகள் அடர்ந்து நிற்கின்றன. தண்ணீர் தேங்குகிற இடம்தான் இன்னும் கஷ்டப்படுகிறது.

எங்களுக்கு நீச்சல் தெரியாது. பரவாயில்லையா?

உயிர்காப்பு அங்கி போட்டால் பரவாயில்லை. இருவருமே போட வேண்டும், வாரைக் கட்ட வேண்டும். படம் எடுப்பதற்காகக் கழற்றக் கூடாது. ஆழம் குறைவு என்பதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். அடியில் இருப்பது மணல் இல்லை, களிச்சேறு. குதித்தால் முழங்காலுக்கு மேல் புதையும். புதைந்த காலை இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போகும். படகில் எழுந்து நின்று இடம் மாறுவதும் ஆபத்து. மாற வேண்டுமென்றால் படகோட்டியிடம் சொல்லிவிட்டு ஒருவர் பின் ஒருவராக.

மது அருந்திவிட்டு ஏறாதீர்கள். உடன் வருபவர் யாராவது அப்படி இருந்தால் அன்றைக்குப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

படகில் கழிப்பறை கிடையாது, காட்டிலும் வழியில்லை. பெண்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். அது இன்னும் மோசம், வெயிலில் மயக்கம் வரும். படகுத்துறைக்கு வருவதற்கு முன் முத்துப்பேட்டையிலோ தங்கிய இடத்திலோ போய்விட்டு வாருங்கள். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள். வாய் நனைய அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தூக்கில் புளிசாதமோ தயிர்சாதமோ போதும். படகோட்டிக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். வாழை இலையில் கட்டினால் குப்பையே இல்லை. பிளாஸ்டிக் உறை எதுவும் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. மூச்சுவேர்மேல் ஒரு பை போய்ப் படிந்தால் எடுக்க ஆளில்லை.

திரும்பி வந்ததும் முத்துப்பேட்டை கடைத்தெருவில் இறால் வைத்த வாடா என்கிற பலகாரம் கிடைக்குமா என்று கேளுங்கள். சூடாகக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கல்யாணமாகி வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். உட்கார்ந்து பேசவே நேரமில்லை. இந்தப் பயணம் எங்களுக்குச் சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேச முடியாது. சத்தம் போட்டுப் பேசினால் சண்டை மாதிரி இருக்கும். லகூனுக்குள் நுழைந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் படகை மிதக்க விடச் சொல்லுங்கள். படகோட்டிகள் சந்தோஷமாகச் செய்வார்கள், அவர்களுக்கும் அது ஓய்வு. அந்த அரை மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். நாங்கள் வீட்டில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த சில பேச்சுகளை அங்கேதான் பேசி முடித்திருக்கிறோம். பேசாமல் இருந்த நாட்களும் உண்டு; அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். இருவரில் யார் திரும்பலாம் என்று சொன்னாலும் உடனே திரும்பிவிடுவது. ஏன் என்று கேட்பதில்லை, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவதும் இல்லை. ஒருவருக்குத் தலை சுற்றும், ஒருவருக்குப் பயம் வரும், அதை விளக்கச் சொல்லிக் கேட்டால் அடுத்தமுறை சொல்லவே மாட்டார்கள். இந்த ஏற்பாடு இருப்பதால்தான் நான் தைரியமாகக் கிளம்புகிறேன்.

ஒருவருக்குப் பறவை பிடிக்கும், ஒருவருக்குப் படம் எடுக்கப் பிடிக்கும் என்றால் அதற்கும் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர் எடுக்கட்டும். ஆனால் ட்ரோன் வேண்டாம்; தனி அனுமதி இல்லாமல் காப்புக்காட்டின்மேல் பறக்கவிடக் கூடாது, பறவைகளும் கலைந்துவிடும்.

பிச்சாவரமா, முத்துப்பேட்டையா?

பிச்சாவரம் டெல்டாவின் வடக்கு ஓரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே. சிதம்பரத்திலிருந்து பக்கம். அங்கே சுரபுன்னை நிறைய. குறுகலான வாய்க்காலில், தலைக்கு மேல் கிளை கோத்திருக்க, துடுப்புப் படகில் போகலாம். ஏற்பாடுகள் வசதியாக இருக்கும், பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. முத்துப்பேட்டை அதற்கு இருபது ஆண்டு முன்னாலேயே, 2002-இல், கோடியக்கரையோடு சேர்த்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

முதல்முறை, அரை நாள்தான் இருக்கிறது என்றால் பிச்சாவரம். வெட்டவெளியும் அமைதியும் வேண்டும், வசதி குறைந்தாலும் பரவாயில்லை என்றால் முத்துப்பேட்டை. நான் முத்துப்பேட்டை கட்சி, என் ஓட்டு எதற்கு என்று கேட்கவே வேண்டாம்.

எப்படி வருவது, எங்கே தங்குவது?

திருவாரூர் காரைக்குடி ரயில் பாதையில் முத்துப்பேட்டை நிலையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஊர் வழியாகப் போகிறது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டையிலிருந்து பேருந்து உண்டு. காட்டுக்குள் இரவு தங்கும் எண்ணம் வேண்டாம். இந்த ஊர்களில் தங்கி விடியற்காலையில் கிளம்புங்கள்.

மறுநாளும் இருக்கிறது. வேறு எங்கே போகலாம்?

கோடியக்கரை. 1967-இல் அறிவித்த சரணாலயம். வெளிமான் கூட்டத்தைத் திறந்தவெளியில் பார்க்கலாம். போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவிடம். 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜியும் தொண்டர்களும் நடக்கத் தொடங்கி, தஞ்சை, கும்பகோணம் வழியாக வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30-இல் உப்பெடுத்தார்கள். அவர்களுக்குச் சோறு போடக் கூடாது என்று ஆங்கில அரசு மிரட்டியும் டெல்டா கிராமங்கள் சோறு போட்டன. இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்து கிடக்கும் அந்தச் சாலையில் போகும்போது அதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலும் இருக்கிறது. அகலப்பாதையாக மாற்றி 2023-இல் மறுபடியும் ஓடத் தொடங்கியது. நேரம் பார்த்துக்கொண்டு போங்கள், அதிகமான வண்டிகள் இல்லை.

திரும்பும்போது லகூன் மீன் வாங்கலாமா?

தாராளமாக. கரையில் மீன் வந்து இறங்கும் நேரத்துக்குப் போனால் கொடுவா, மடவை, கிழங்கான், வெள்ளை இறால், சேற்று நண்டு கிடைக்கும். உப்பங்கழி மீனுக்கென்று ஒரு ருசி இருக்கிறது, மடவையைக் குழம்பு வைத்தால் தெரியும். சினை நண்டாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குட்டி நண்டும் அப்படியே. யாரும் வாங்காவிட்டால் பிடிப்பவர்களும் திரும்ப விட்டுவிடுவார்கள். ஊர் தூரம் என்றால் பனிக்கட்டி போட்ட பெட்டி ஒன்று கையோடு கொண்டுவாருங்கள். ஆறு மணிக்குப் படகு ஏறும்போது அதை வண்டியில் வைத்துவிட்டால் போதும்.